ஆற்றுத் தண்ணீருக்கு அனுமதி இருந்தால் போதுமா?

(வானொலி உரை)

ஆற்றங்கரையில் மோட்டார் வைத்துப் பாசனம் செய்கிறவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறோம். "ஓடுற தண்ணிதானே, நான் ஒருத்தன் எடுத்தா ஆறு வத்திடவா போகுது?" என்று கேட்கிறவர்களும் உண்டு. முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

5 குதிரைசக்தி மோட்டார், நல்ல நிலையில் இருந்து, 30 அடி உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றினால் விநாடிக்குச் சுமார் 20 லிட்டர் தள்ளும். பத்து மணி நேரம் ஓடினால் 7 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். அப்படிப் பார்த்தால் மூன்றரை ஏக்கர் நெல்லுக்கு இரண்டு அங்குலம் கட்டிவிடலாம். இது ஒரே ஒரு மோட்டார். இதேபோல 100 மோட்டார் ஒரே நேரத்தில் ஓடினால் விநாடிக்கு 70 கன அடி போய்விடும். கோடையில் மெலிந்து ஓடுகிற ஆற்றில் 70 கன அடியை வழியிலேயே எடுத்துவிட்டால், கடைமடைக்காரர் நாற்றுக்கு என்ன மிஞ்சும்? கீழே உள்ள ஊருக்குக் குடிதண்ணீர் ஏது?

இதற்காகத்தான் ஆற்றில் தண்ணீர் எடுக்க அனுமதி முறை என்று ஒன்று வேண்டியிருக்கிறது. ஆனால் அனுமதிச் சீட்டு கொடுத்துவிட்டால் மட்டும் ஆறு பிழைத்துவிடாது. இதை அனுபவித்துத் தெரிந்துகொண்ட ஒரு நாட்டுக் கதையைச் சொல்கிறேன், கேளுங்க.

ஆஸ்திரேலியாவில் மர்ரே, டார்லிங் என்று இரண்டு பெரிய ஆறுகள். டார்லிங் வந்து மர்ரேயில் சேரும். நம்மைப் போலவே அங்கேயும் ஆற்றுத் தண்ணீரில் நெல் போடுகிறார்கள். பருத்தி, திராட்சையும் உண்டு. நாலு மாநிலங்கள் அந்தத் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அங்கே அனுமதிச் சீட்டு தாராளமாகக் கொடுத்தார்கள். சீட்டு வாங்கியவர்கள் எல்லாரும் முழு அளவும் எடுத்தால் ஆறு தாங்குமா என்று கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

விளைவு என்ன ஆச்சு? 1981-ல் மர்ரே ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரமே மணல் மூடி அடைபட்டது. மணலைத் தள்ளிக்கொண்டு போக ஆற்றில் ஓட்டம் இல்லை. 1991-ல் டார்லிங் ஆற்றில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தூரத்துக்கு நச்சுப் பாசி படர்ந்தது. மனுஷர் குடிக்க முடியாமல், ஆடு மாடுகளுக்கும் ஆபத்தாகப் போயிற்று.

அதற்குப் பிறகு 1995-ல் உச்சவரம்பு ஒன்று வைத்தார்கள். 1993-94-ல் இருந்த பாசன வளர்ச்சிக்கு எவ்வளவு தண்ணீர் தேவையோ, அதற்கு மேல் மொத்தத்தில் எடுக்கக் கூடாது என்பதே அது. புதிதாக ஒருவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், ஏற்கெனவே உரிமை உள்ளவரிடம் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றையும் கவனிக்கணும். அங்கே சீட்டில் எழுதியிருக்கிற அளவு வருஷா வருஷம் அப்படியே கிடைப்பதில்லை. அது ஒரு பங்குதான். அணை இருப்பைப் பார்த்து, "இந்தப் பருவத்தில் உங்கள் பங்கில் நூற்றுக்கு இத்தனை" என்று அறிவிப்பார்கள். இருப்பு ஏற ஏற அந்த அளவையும் கூட்டுவார்கள். குடிதண்ணீருக்கு முதலிடம். திராட்சை, பழமரம் போன்ற நீண்டகாலப் பயிர் வைத்திருப்பவர்கள் உறுதி கூடின பங்கு வாங்கி வைத்திருப்பார்கள். நெல் போன்ற பருவப் பயிருக்குக் கடைசியில்தான். 2007-08 வறட்சியில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நெல் சாகுபடி பெயரளவுக்குத்தான் நடந்தது. கஷ்டம்தான். ஆனால் விதைக்கிறதுக்கு முன்னாலேயே நிலைமை தெரிந்ததால், போட்ட முதலாவது மிஞ்சியது.

சரி, இத்தனை ஏற்பாடும் செய்த பிறகாவது எல்லாம் ஒழுங்காக நடந்ததா? இல்லை. 2017-ல், டார்லிங் ஆற்றின் மேல்பகுதியில் சிலர் அளவுக்கு மீறித் தண்ணீர் எடுக்கிறார்கள், மீட்டரைக்கூடச் சரியாக வைத்துக்கொள்வதில்லை என்ற புகார் டெலிவிஷனில் வெளிவந்தது. அரசாங்கம் விசாரணை வைத்தது. அளப்பதிலும் கண்காணிப்பதிலும் பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. உடனே கண்காணிப்புக்கென்றே தனி அமைப்பு ஏற்படுத்தி, 2018 முதல் அது வேலை செய்கிறது. 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெரிய பம்புகளுக்கு 2020 டிசம்பருக்குள் சீல் வைத்த, தரமான தண்ணீர் மீட்டர் பொருத்தியாக வேண்டும் என்று உத்தரவாயிற்று. செயற்கைக்கோள் படத்தில் எந்த நிலத்தில் பயிர் பச்சையாக நிற்கிறது, எந்தக் குட்டை நிரம்பியிருக்கிறது என்று பார்த்து, மீட்டர் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? அனுமதி, அளவு, கண்காணிப்பு மூன்றும் முக்காலியின் மூன்று கால் மாதிரி. ஒன்று ஒடிந்தாலும் முக்காலி நிற்காது. அளவு இல்லாத இடத்தில் நஷ்டப்படுகிறவர் நேர்மையாக எடுக்கிற விவசாயிதான். "நான் என் பங்குக்கு மேல எடுக்கலை" என்று சொல்ல அவர் கையில் அத்தாட்சி இருக்காது. காவிரித் தண்ணீரைப் பிலிகுண்டுலுவில் அளந்துதானே இரண்டு மாநிலங்களும் கணக்குப் பேசுகின்றன? பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசுவதற்கும் நமக்கு அப்படி ஒரு கணக்கு வேண்டாமா?

உங்கள் மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்று நீங்களே பார்க்கலாம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வெளிக்குழாய்க்குக் கீழே வையுங்க. நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்திலோ செல்போனிலோ பாருங்க. மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்க. 10 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 20 லிட்டர், மணிக்கு 72,000 லிட்டர். தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்க. ஆற்றில் எடுக்க அனுமதி பெற்றவர்கள் சீட்டை எடுத்து, எந்த இடம், என்ன குதிரைசக்தி, எந்த நிபந்தனை என்று படித்துப் பாருங்க. அனுமதி இல்லாதவர்கள் மோட்டார் இறக்குவதற்கு முன்னால் நீர்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்க. கரையோரத்து விவசாயிகள் கூடிப் பேசி, கோடையில் யார் எந்த நாள் ஓட்டுவது என்று முறை வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி முறை வைத்து மடை திறந்தது நமக்குப் புதுசு இல்லையே. அந்த முறையை ஆற்று மோட்டாருக்கும் கொண்டு வருவோம். கடைமடையும் விளையட்டும்.