கண்ணுக்குள் கட்டி: கதிரியக்க ஸ்கேன் எப்போது தேவை?

தலைமன்னார் கரையில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் தொழில் செய்கிறவர்களின் கண்ணில் சதை வளர்வது வழக்கம். அது புற்றுநோய் அல்ல. கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற புற்றுநோயோ பெரும்பாலும் விழித்திரைக்குப் பின்னால், கண்ணாடி பார்த்தால் தெரியாத இடத்தில் வளரும். நம்மவரிடையே மிக அரிது. அதிகம் பாதிக்கப்படும் வெள்ளை இனத்தவரிலேயே ஆண்டுக்குப் பத்து இலட்சத்தில் ஐந்தாறு பேருக்குத்தான் வருகிறது. பொதுவாக வலிக்காது. பார்வை மங்கும், மின்னல் வெட்டும், ஒரு பக்கம் நிழல் விழும்.

இதைக் கண்டுபிடிக்க 1950-களில் கதிரியக்கப் பொஸ்பரஸ்-32-ஐ நாளத்தில் ஏற்றினார்கள். வேகமாகப் பெருகும் புற்றுக்கலங்கள் அதைக் கூடுதலாக உள்ளிழுக்கும். ஆனால் அது விடும் பீட்டா கதிர் உடலுக்குள் சில மில்லிமீற்றர்தான் போகும். ஆகவே அளக்கும் கருவியைக் கண்ணோடு ஒட்டி வைக்கவேண்டும். கட்டி பின்புறம் இருந்தால், வெண்விழியின் மேற்சவ்வை வெட்டித் திறந்து கருவியை உள்ளே நுழைத்தார்கள். நோயாளி இவ்வளவையும் பொறுத்துக்கொண்டும், வேறு உறுப்பிலிருந்து கண்ணுக்குப் பரவிய புற்றையும் சோதனை அதே மாதிரிக் காட்டியது. அல்ட்ராசவுண்ட் கைக்கு வந்ததும் அந்தச் சோதனை வழக்கொழிந்தது.

அமெரிக்காவில் 1980-களில் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில், கண்மணியை விரித்துப் பார்த்தும் அல்ட்ராசவுண்ட் எடுத்தும் மெலனோமா என்று தீர்மானித்து அகற்றிய கண்களில் 99 வீதத்துக்கு மேல் மெலனோமாவே இருந்தது.

அப்படியானால் பெட் ஸ்கேன் எதற்கு? புளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ஏற்றி, அதை அதிகம் உண்ணும் இடத்தைப் படமெடுப்பது அது. 110 நிமிடத்தில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். கண்ணுக்குள் இருக்கும் சிறு கட்டி அதில் பெரும்பாலும் தெரியாது. உடலில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று தேடத்தான் அது உதவும். இந்த நோய் பரவினால் பத்தில் ஒன்பது பேருக்கு ஈரலுக்குப் போகிறது. ஈரலிலும் சின்னஞ்சிறு புள்ளிகளை எம்.ஆர்.ஐ. பெட் ஸ்கேனைவிட நன்றாகக் காட்டும்.

மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேனர் வேண்டுமென்று 2016-இல் இன மத பேதமின்றி மக்கள் பணம் சேர்த்தது பெரிய காரியம். அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் மங்கல் பார்வையோடு இருப்பவர் முதலில் தேடவேண்டியது கண் வைத்தியரை. ஸ்கேனுக்குக் காசு சேரட்டும் என்று கண் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மன்னார் வைத்தியசாலையில் காட்டுங்கள். சந்தேகமிருந்தால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டுமருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை தெளியாது. அன்றைக்குக் கடலுக்கும் போகவேண்டாம், மோட்டார் சைக்கிளும் ஓட்டவேண்டாம். கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.