பள்ளிக்கூடத்தில் நான்கு இரவுகள்

வகுப்பறையில் உறங்குவது தவறு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களுக்கு எடுத்துரைத்து வந்தவன் நான். அப்படிப்பட்ட நானே, 2014-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்திலே நான்கு இரவுகள் அயர்ந்து உறங்கினேன். அதற்குக் கட்டணமும் செலுத்தப்பட்டது. செலுத்தியவர் என் பழைய மாணவர் ஒருவர். வகுப்பில் கண்ணயர்ந்ததற்காக ஒரு காலத்தில் அவரை நான் பெஞ்சின்மேல் நிற்க வைத்ததுண்டு. அந்தக் கணக்கு அன்றோடு தீர்ந்தது என்று கொள்ளலாம்.

இது நிகழ்ந்த இடம் சிங்கப்பூர். அந்நகரில் சிராங்கூன் சாலையைச் சுற்றியமைந்த பழைய பகுதிக்கு 'லிட்டில் இந்தியா' என்று பெயர். அங்கே டிக்சன் சாலை என்ற சிறு தெருவில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1920-களில் எழுந்த அக்கட்டடத்தில் முன்பு ஹோங் வென் பள்ளி என்னும் சீனப் பள்ளி நடைபெற்றது. பள்ளி பிற்பாடு வேறிடத்திற்குச் சென்றுவிட்டது. வழக்கறிஞராயிருந்து விடுதித் தொழிலுக்கு வந்த லோ லிக் பெங் என்பவர், 2010-ஆம் ஆண்டில் இக்கட்டடத்தை 'வாண்டர்லஸ்ட்' என்ற பெயரில் ஒரு தங்கும் விடுதியாகத் திறந்தார். ஊர் சுற்றும் வேட்கை என்பது அப்பெயரின் பொருள். பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தாத பெயர்தான். ஆனால் மாணவர்களுக்கு மிகவும் பொருந்தும்.

விடுதியில் இருந்தவை 29 அறைகளே. நான்கு தளங்களையும் நான்கு வடிவமைப்புக் குழுவினரிடம் தனித்தனியே ஒப்படைத்திருந்தார்கள். கீழ்த்தளம் பழைய தொழிற்சாலை ஒன்றின் கோலத்தில் அமைந்திருந்தது. இரண்டாம் தளத்தின் நடைவழி வானவில் நிறங்களால் ஆனது. அங்குள்ள அறைகளோ ஒவ்வொன்றும் ஒரே நிறத்தில் தோய்த்தெடுத்தவை போலிருந்தன. நான்காம் தளத்தில் மரம், விண்வெளி, தட்டச்சுப் பொறி என்று ஒவ்வோர் அறைக்கும் ஒரு கற்பனை. எனக்குக் கிடைத்தது மூன்றாம் தளம். அங்கே எல்லாம் கறுப்பு, இல்லாவிடில் வெள்ளை. வேறு நிறத்திற்கு அனுமதி இல்லை. என் அறையின் வெண்சுவர்கள் காகிதத்தை மடித்து மடித்துச் செய்த உருவங்களைப் போல மடிப்புகளோடு நின்றன. கரும்பலகைக்கும் சுண்ணாம்புக் கட்டிக்கும் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவனை வேறெங்கே தங்கவைப்பது? என் மாணவர் வேண்டுமென்றேதான் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பது என் ஐயம். கேட்டதற்குச் சிரித்துவிட்டார்.

முதல் இரவு எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் படித்த இடத்தை இப்படி வேடிக்கைக் கூடமாக ஆக்கியிருக்கிறார்களே என்று எண்ணிக்கொண்டே விளக்கை அணைத்தேன்.

பொழுது விடிந்ததும் தெருவில் இறங்கினேன். நேயர்கள் அந்தப் பகுதியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். மல்லிகைச் சரம் கட்டும் கடை, மளிகைக் கடை, நகைக் கடை, தோசைக்கல்லின் மணம், தேக்காச் சந்தையின் இரைச்சல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே செங்கற் சூளைகளும் மாட்டு வணிகமும் இருந்தன. பந்தயத் திடல் ஒன்றும் 1840-களில் தோன்றியது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற இரு பெயர்களும் எருமையையே குறிக்கின்றன. முன்னது ஆங்கிலம், பின்னது மலாய். மாடுகள் போய்விட்டன, பெயர்ப் பலகையில் மட்டும் நிற்கின்றன. அக்கெர்பாவ் சாலையில், 1900-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட டான் டெங் நியா என்ற சீன வணிகரின் வீடு, கதவுக்கு ஒரு நிறம் சன்னலுக்கு ஒரு நிறமாகப் பளபளக்கிறது. அந்த வண்ணக் கோலம் பழமையானதன்று. வீட்டைச் செப்பனிட்ட பிறகு வந்தது. விளையாட்டு மனம் என் விடுதிக்கு மட்டும் உரியதன்று என்பது அப்போது புலப்பட்டது.

இத்தகைய பழந்தெருக்கள் எப்படித் தப்பின? 1965-இல் தனிநாடான சிங்கப்பூரில் நிலம் குறைவு, மக்களோ மிகுதி. நெருக்கடியான பழைய குடியிருப்புகளை இடித்து உயரமான அடுக்கு வீடுகளைக் கட்டுவதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. அதில் பெரும் நன்மை உண்டு. குழாய் நீரும் கழிப்பிடமும் இல்லாத இருட்டறைகளை விட்டு மக்கள் வெளியேறினார்கள். ஆனால் 1980-களில், இவ்வாறே போனால் நகருக்கு முகமே இல்லாது போகும் என்ற எண்ணம் வலுத்தது. நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள், லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலான பகுதிகளைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தது. இன்று அந்நாட்டில் 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அப்பாதுகாப்பில் உள்ளன.

அங்குள்ள பழைய கட்டடங்களிற் பெரும்பாலானவை கடைவீடுகள். கீழே கடை, மேலே குடியிருப்பு. முகப்பு குறுகியது, உட்புறமோ நீண்டு செல்லும். இரு வீட்டுக்கு இடையே ஒரே பொதுச்சுவர். நடுவில் காற்றும் வெளிச்சமும் இறங்குவதற்கு வானம் பார்த்த முற்றம். காரைக்குடிப் பக்கத்து வீடுகளை அறிந்தவர்க்கு இது புதிதன்று. முன்புறத்தில், தெருவில் செல்வோர் வெயிலிலும் மழையிலும் ஒதுங்கி நடக்கக் கூரையிட்ட நடைபாதை. இதனை 'ஐந்தடி வழி' என்பர். 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே இதற்கு விதி உண்டு. முகப்பு, கூரை, பொதுச்சுவர், முற்றம், மாடியின் மரத்தளம் ஆகியவற்றை இயன்றவரை காக்க வேண்டும். சிதைந்ததை அதன் தன்மைக்கேற்பச் செப்பனிட வேண்டும். இதுவே பாதுகாப்பு விதியின் சாரம். உள்ளே நடைபெறும் தொழில் மாறலாம். அரிசி மண்டி அலுவலகமாகலாம், பள்ளி விடுதியாகலாம்.

இப்போது என் அறையின் மடிப்புச் சுவர்களுக்குக் காரணம் விளங்கியது. என் மாணவர் பழங்கட்டடங்களைச் செப்பனிடும் பொறியாளர். அவர் சொன்னதாவது: "வெளியே ஓர் ஆணி அடிப்பதற்கும் நாங்கள் யோசிக்க வேண்டும், ஐயா. உள்ளே அறைகளோ ஒன்றுபோல் ஒன்று இரா. பெரிய விடுதியைப் போல் நீச்சற்குளமும் விருந்து மண்டபமும் வைக்க இடமேது? வருகிறவர் வியக்கும்படி ஏதேனும் செய்தால்தான் வாடகை வரும். வாடகை வந்தால்தான் கூரை ஒழுகாமலிருக்கும்." வெளியே கட்டுப்பாடு, உள்ளே விளையாட்டு. பள்ளி நாட்காட்டியைப் போலத்தான்.

அவர் என்னை அழைத்துச் சென்று காட்டிய இடங்களுள் ஒன்றைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் என்பது வெண்ணிறமான பெரிய மாதாகோயில். 1856 முதல் சில ஆண்டுகளில், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பால் அது எழுந்தது. அதன் சுவர்ப்பூச்சுக்கு 'மெட்ராஸ் சுனாம்' என்று பெயர். சுனாம் என்பது நமது சுண்ணாம்பேதான். கிளிஞ்சற் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் கூட்டி இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்துப் பூசினார்கள். காய்ந்த பின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். நம் பாட்டன்மார் வீட்டில் கை வைத்தால் வழுக்கும் சுவர் இருந்ததே, அதன் உறவினர் அது.

சுண்ணாம்புப் பூச்சின் சிறப்பு பளபளப்பு மட்டுமன்று. பழைய செங்கற் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு நுண்துளைகள் உடையது; ஆதலால் அவ்வீரம் பூச்சின் வழியே வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். சிமெண்டுப் பூச்சோ இறுகியது. அதைப் பழஞ்சுவரின்மேல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். ஈரத்தோடு வந்த உப்பு செங்கல்லை அரிக்கும். பூச்சு உப்பும், வெடிக்கும், பாளம் பாளமாக விழும். அன்றியும், சுவர் சிறிது அசைந்தால் சுண்ணாம்பு ஓரளவு இணங்கிக் கொடுக்கும். சிமெண்டு இணங்காமல் விரிந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்குச் சுவரே பிளந்ததுபோல் தோன்றும்.

இதைக் கேட்டபோது நான் பேசாமலிருந்தேன். காரணம் இதுதான். அப்பயணத்துக்கு முந்திய ஆண்டில், நான் தலைமையாசிரியனாயிருந்த பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்தார்கள். தேக்கு உத்திரங்களும் தூண் வைத்த தாழ்வாரமும் உடைய கட்டடம் அது. சுவரெங்கும் விரிசல் கண்டிருந்தது. பிள்ளைகளின் உயிர் பெரிதல்லவா? இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்ற பரிந்துரையில் நானே கையொப்பமிட்டேன். அதைப் பெருமையாகவும் எண்ணியிருந்தேன். புதுக் கட்டடம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்தவனுக்கு அது கிடைக்கும்போது பழையதைப் பற்றி நினைக்கத் தோன்றுமா?

பேராலயத்துப் புல்வெளியில் அமர்ந்து இதை என் மாணவரிடம் சொன்னேன். அவரும் அந்தத் தாழ்வாரத்தில் ஓடியாடியவரே. நெடுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார்: "விரிசல் சுவரில் இருந்ததா, பூச்சில் இருந்ததா, ஐயா?"

எனக்குத் தெரியவில்லை. பள்ளியின் ஆண்டு விழா ஒன்றுக்காகச் சுவர்களுக்குச் சிமெண்டு பூசியது நினைவில் இருந்தது. விரிசல்கள் அதற்கு முன்னே தோன்றியவையா பின்னே தோன்றியவையா என்று நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றும் அறிந்ததில்லை. ஒருவேளை அடித்தளமே இறங்கியிருக்கலாம். இடித்தது சரியாகவே இருக்கலாம். பூச்சைச் சிறிது கொத்தி எடுத்து அடியில் செங்கல்லைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார் அவர்.

என் மனம் வருந்தியதைக் கண்டு அவர் வேறொன்றையும் சொன்னார். சிங்கப்பூரும் எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. ஸ்டாம்ஃபோர்டு சாலையில் 1960-இல் திறக்கப்பட்ட செங்கல் முகப்புடைய தேசிய நூலகத்தை, அங்கே படித்து வளர்ந்தோர் பலர் வருந்தி முறையிட்டும், சுரங்கச் சாலை ஒன்றுக்காக மூடினார்கள். 2004-இல் அதன் கதவு அடைபட்டது, பின்னர் இடிபட்டது. அதே நகரில் 1928-இல் தலைமை அஞ்சலகம் முதலியவற்றுக்காகத் திறக்கப்பட்ட ஃபுல்லர்டன் கட்டடமோ 2001 முதல் பெரிய விடுதியாக வாழ்கிறது. வாடகை தரும் கட்டடத்துக்கு ஆயுள் கெட்டி என்று நினைக்கத் தோன்றுகிறது. நூலகம் வாடகை தராது, பள்ளியும் தராது.

சுவர் தப்பினால் தெரு தப்பிவிட்டதென்றும் சொல்வதற்கில்லை. செப்பனிட்ட கடைவீட்டின் மதிப்பு ஏறும்; மதிப்பு ஏறினால் வாடகை ஏறும்; பூக்கட்டுகிறவரும் மாவரைக்கிறவரும் தாங்குவது எங்ஙனம்? லிட்டில் இந்தியாவில் இன்னும் பூவும் மாவும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலையில், தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து உழைக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அத்தெருக்களை நிறைத்துவிடுகிறார்கள். நான் தங்கிய ஞாயிறன்று, என் அறையின் ஒரு நாள் வாடகை அவர்களுள் ஒருவருக்கு எத்தனை நாட்கூலி என்று மனத்துள் கணக்குப் போட்டேன். விடை என் மாணவரிடமும் சொல்லத்தக்கதாயில்லை.

கடைசி இரவில் எரிச்சல் இல்லை. மடிப்பு வைத்த வெண்சுவருக்குப் பின்னே பள்ளியின் பழஞ்சுவர் நிற்கிறது என்ற எண்ணமே போதுமானதாயிருந்தது. பிள்ளைகள் அங்கே வாய்ப்பாடு சொல்லியிருப்பார்கள். சீன மொழியில் அது எப்படி ஒலிக்கும் என்று எண்ணிக்கொண்டே உறங்கிவிட்டேன்.

பிற்காலத்தில் அவ்விடுதி வேறு நிருவாகத்தின்கீழ்ப் புதுப்பிக்கப்பட்டது. வானவில் நடைவழியும் என் காகித மடிப்பு அறையும் மறைந்து, வேறு அலங்காரம் வந்துவிட்டதாக மாணவர் எழுதியிருந்தார். முகப்பும் கூரையும் முன்போலவே இருக்கின்றனவாம்.

எங்கள் பள்ளியின் பழைய பொருள்களுள் ஒரு கதவு மட்டும் ஏலத்தில் போகாமல் நின்றுவிட்டது. தாழ்வாரத்தின் கோடியில், ஆறாம் வகுப்புக்கு இருந்த இரட்டைக் கதவின் ஒரு பாதி அது. ஓய்வு பெற்றபின் சென்ற மாதம் பள்ளிக்குப் போயிருந்தேன். மிதிவண்டிக் கொட்டகையின் பின்புறம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கீழ்ப்பலகை சற்றே உளுத்திருக்கிறது. கீல்கள் நன்றாகவே இருக்கின்றன. எண்ணெய் விட்டால் திரும்பும்.