மாணாக்கர் சொல்லும் சர்வகலாசாலைத் தண்டனையும்

சர்வகலாசாலையிலிருந்து மாணாக்கன் ஒருவனை நீக்குதல் சிறு தண்டனையன்று. பல ஆண்டுக் கல்வியும், காணியை ஈடு வைத்துப் படிப்பித்த பெற்றோரின் நம்பிக்கையும் ஒரு கடிதத்தினால் அழிந்துபோகும். எனவே அக்கடிதத்தை எழுதுவோர் எவ்விதிக்கு அமைந்து எழுதுகின்றனர், மாணாக்கன் செய்த செயலுக்காக எழுதுகின்றனரா அன்றி அவன் சொன்ன சொல்லுக்காக எழுதுகின்றனரா என்று கேட்பது நியாயமே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கேள்வி பலமுறை நீதிமன்றம் ஏறியது. அவ்வழக்குகளுட் சிலவற்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முன்னாளில் அந்நாட்டுக் கல்லூரிகள் தம்மைப் பெற்றோரின் இடத்தில் வைத்துக்கொண்டன. தந்தை மகனைக் கண்டிக்கும்போது சாட்சி விசாரிப்பதில்லையல்லவா? கென்டக்கி மாநிலத்துப் பெரியாக் கல்லூரி, தன் மாணாக்கர் வெளி உணவகங்களுட் கால் வைத்தலாகாது என விதித்தது. எதிரே கடை வைத்திருந்தவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 1913ஆம் ஆண்டில் மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரி பெற்றோரின் நிலையில் நிற்பது, அதன் விதியில் நாம் தலையிடோம் என்று கையை விரித்தது. நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் சர்வகலாசாலை செய்தது இதனினும் விந்தை. அங்கே ஒரு மாணவி விலக்கப்பட்டாள். அவளைப்பற்றி ஏதோ வதந்தி உலவுகின்றது, அவள் சிரக்கியூஸ் பெண்ணுக்குரிய மாதிரியாக இல்லை என்பதற்கு மேல் அவளுக்குக் காரணம் கூறப்படவில்லை. 1928இல் மேன்முறையீட்டு மன்றம் இதனையும் சரியென்றே கொண்டது. சேரும்போது அவள் கையொப்பமிட்ட பதிவு அட்டையில், காரணம் கூறாதே விலக்கும் உரிமை எழுதப்பட்டிருந்ததாம்! தந்தையின் அன்பு இன்றித் தந்தையின் அதிகாரம் மட்டும் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

இந்நிலையை மாற்றியது அலபாமா மாநிலத்திலே எழுந்த ஒரு வழக்கு. அக்காலத்தில் அம்மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையிலிருந்து உண்ணுதல் இயலாது. 1960ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள், மொன்ற்கொமரி நகரத்து நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்த சிற்றுண்டிச்சாலைக்குள் அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணாக்கர் 29 பேர் நுழைந்து உணவு கேட்டனர். அது பொதுப்பணத்தில் நடந்த சாலை. உணவு கொடுக்கப்படவில்லை, சாலை பூட்டப்பட்டது, பொலிஸார் வந்தனர். மாணாக்கர் வெளியேயுள்ள நடைக்கூடத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றுவிட்டுச் சென்றனர். அன்றைக்கே மாநில ஆளுநர் ஜோன் பற்றர்சன் கல்லூரித் தலைவரை அழைத்து, இவர்களை நீக்குவதுபற்றி ஆலோசிக்குமாறு கூறினார். அடுத்த நாட்களில் ஊர்வலங்கள் நடந்தன. மார்ச் 1ஆம் நாள் நூற்றுக்கணக்கானோர் மாநில அரச மாளிகையின் படிகளிலே நின்று பக்திப் பாடல்கள் பாடினர். மறுநாள் ஆளுநரைத் தலைவராகக் கொண்ட மாநிலக் கல்விச் சபை கூடி ஒன்பது மாணாக்கரை நீக்கியது; இருபது பேரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது.

அவர்களுக்குச் சென்ற கடிதத்தில் இன்ன குற்றம் என்று தெளிவாக ஒன்றும் எழுதப்படவில்லை. விசாரணையும் நடக்கவில்லை. பின்னர் நீதிமன்றத்தில் சபையின் உறுப்பினர்களைக் கேட்டபோது, ஒருவர் கூறிய காரணத்தோடு மற்றவர் கூறிய காரணம் பொருந்தவில்லை. தண்டித்தோர் தம்முள்ளேயே உடன்படாத ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் எவ்வாறு விடை பகர்வார்? முதல் நீதிமன்றம் கல்லூரியின் பக்கமே நின்றது. ஆயின் 1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் ஐந்தாம் வட்டாரத்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், றிச்சாட் றைவ்ஸ் என்னும் நீதியரசர் எழுதிய தீர்ப்பு, இருவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, அதனை மாற்றியது. வழக்காளிகளுள் முதற்பெயராக இருந்த டிக்சன் என்பவரின் பெயராலேயே அத்தீர்ப்பு இன்றும் வழங்குகின்றது.

அத்தீர்ப்பு அரசாங்கக் கல்லூரிக்கு விதித்தவை யாவை? நீக்குமுன் மாணாக்கனுக்கு இன்ன குற்றம், இன்ன ஆதாரம் என அறிவித்தல் வேண்டும். அவனுக்கெதிராகச் சாட்சி சொல்வோர் பெயரையும் அவர் கூறுவதையும் அவன் அறிதல் வேண்டும். தன் பக்கத்தைக் கூறவும் தன் சாட்சிகளைக் கொணரவும் அவனுக்கு இடமிருத்தல் வேண்டும். முடிவு எழுத்தில் இருத்தல் வேண்டும்; அதனை அவன் பார்வையிடலாம். நீதிமன்றத்தைப் போன்று குறுக்கு விசாரணையோடு கூடிய முழு வழக்கு நடத்தவேண்டும் என்று றைவ்ஸ் கூறவில்லை. கல்லூரியைக் கச்சேரியாக்க அவர் விரும்பவில்லை போலும். அத்தீர்ப்பை மீள ஆராய நாட்டின் உயர் நீதிமன்றம் அவ்வாண்டே மறுத்துவிட்டது. தனியார் கல்லூரிகளை இது நேரே கட்டுப்படுத்தாது. அவை தம் கைந்நூலில் மாணாக்கருக்கு அளித்த வாக்குறுதிகளால் கட்டுண்டவை.

டிக்சன் வழக்கு விசாரணை முறையைப்பற்றியது. எதனைத் தண்டிக்கலாம், எதனைத் தண்டிக்கலாகாது என்னும் வினாவுக்கோ கலிபோர்ணியாவின் பேர்க்லி சர்வகலாசாலையை நோக்கவேண்டும். அதன் வாயிலருகே மேசைகள் இட்டு அரசியற் கருமங்களுக்குப் பணமும் ஆளும் சேர்ப்பது மாணாக்கர் வழக்கம். 1964 செப்டெம்பரில் அது தடுக்கப்பட்டது. ஒக்டோபர் 1ஆம் நாள் மேசையொன்றிலிருந்த ஜக் வைன்பேக் என்னும் முன்னாள் மாணாக்கரைப் பொலிஸார் கைதுசெய்து காரில் ஏற்றினர். கூட்டம் காரைச் சூழ்ந்து தரையில் அமர்ந்துவிட்டது. 32 மணி நேரம் கார் அசையவில்லை. அதன் கூரையே பேச்சு மேடையாயிற்று. மரியோ சாவியோ என்னும் மாணாக்கர் கூரை பழுதுறாதிருக்கும்பொருட்டுச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார் என்பது நாம் இவ்வரலாற்றில் மிகவும் விரும்பும் செய்தி.

டிசம்பரில் மாணாக்கர் ஸ்பிறவுள் மண்டபத்தைப் பிடித்துக்கொண்டனர். ஏறத்தாழ எண்ணூறு பேர் கைதாயினர். 8ஆம் நாள் ஆசிரியர் பேரவை கூடி, 824 வாக்குகளுக்கு 115 வாக்குகளாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பேச்சின் பொருளைச் சர்வகலாசாலை கட்டுப்படுத்தலாகாது; கல்வி நடைமுறை குழம்பாதிருக்கும் வண்ணம் பேசும் நேரம், இடம், முறை ஆகியவற்றை மட்டும் ஒழுங்குபடுத்தலாம் என்பதே அதன் சாரம். பரீட்சை மண்டபத்தின் சன்னலோரத்தில் ஒலிபெருக்கி வைத்தலாகாது என்பது நேரமும் இடமும் பற்றிய விதி. ஆளுங்கட்சியைப் புகழ்ந்து பேச ஒலிபெருக்கி தருவோம், இகழ்ந்து பேசத் தரோம் என்பது பொருள் பற்றிய விதி. மாணாக்கர் கோரிய பேச்சுரிமை கிடைத்தது. ஆயினும் மண்டபத்தைப் பிடித்த செயலுக்காக அவர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். சாவியோவுக்கு 120 நாட் சிறை. 1997இல், அவர் மறைந்த மறு ஆண்டில், அம்மண்டபத்தின் படிகளுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

மாணாக்கரே பிறர் வாயை அடைத்தால்? 1974ஆம் ஆண்டு வசந்தத்தில் யேல் சர்வகலாசாலையில் வில்லியம் ஷொக்லி பேச வந்தார். 1956இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். பின்னர் கறுப்பினத்தவர் பிறப்பிலேயே அறிவிற் குறைந்தவர் என்று கூறித் திரிந்தவர். அக்கொள்கை வெறுக்கத்தக்கது. மண்டபத்திலிருந்தோர் கூச்சலிட்டு அவரைப் பேசவிடாது தடுத்தனர். அம்மாணாக்கருட் சிலர் தற்காலிகமாக நீக்கப்பட்டனர். வரலாற்றறிஞர் வான் வூட்வேட் தலைமையில் அமைந்த குழு அறிக்கையொன்று தந்தது. வெளியே நின்று எதிர்க்கலாம், பதாகை பிடிக்கலாம், பேசுவோரைக் கேட்க வந்தவர் கேட்பதைத் தடுத்தலாகாது என்றது அவ்வறிக்கை. ஷொக்லியை அழைத்தது அறிவுடைமையா என்று நாம் ஐயுறுகின்றோம். அழைத்தபின் கூச்சலால் தடுப்பதை அனுமதித்தால், நாளை அலபாமாவின் மாணாக்கர் பேசும்போது உரத்த குரல் யாருடையதாயிருக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

மிகக் கடினமான இடம் மற்றொன்று உண்டு. சொல்லே செயலைப்போன்று புண்படுத்தும் இடம் அது. 1987இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் கறுப்பினத்தவரை வேட்டையாடுக என்னும் பொருள்படத் துண்டுப் பிரசுரங்கள் வீசப்பட்டன. அங்கே படிக்க வந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! மறு ஆண்டு சர்வகலாசாலை இன, மத, பால் வேறுபாடு கருதி இழிவுபடுத்தும் பேச்சைத் தடுக்க விதியொன்று வகுத்தது. நோக்கம் நல்லது, சொற்கள் தளர்ந்தவை. உளவியல் பயிலும் முதுநிலை மாணாக்கர் ஒருவர், இனங்களுக்கும் பால்களுக்கும் இடையேயுள்ள உயிரியல் வேறுபாடுகளை வகுப்பில் ஆராய்ந்தாற் கூடத் தாம் தண்டிக்கப்படலாம் என அஞ்சி வழக்கிட்டார். 1989இல் நீதிமன்றம் அவ்விதி மிக விரிந்தது, தெளிவற்றது என்று தள்ளியது. ஒருவரை நேரே அச்சுறுத்துவதும், விடாது பின்தொடர்ந்து அவர் படிக்க முடியாதபடி துன்புறுத்துவதும் தண்டிக்கத்தக்கவையாகவே நின்றன. வகுப்பில் எழும் கருத்து, எத்துணைக் கசப்பாயினும், மறுப்பினாலேயே எதிர்க்கப்படவேண்டியதாயிற்று. இவ்வேறுபாட்டை விதியில் எழுதுவது எளிதன்று. ஆனால் எழுதாத கல்லூரியில் மாணாக்கர் எதற்கு அஞ்சவேண்டும் என்று அறியாமல் எல்லாவற்றுக்கும் அஞ்சுவர்.

இனி அந்த ஒன்பது மாணாக்கரின் செய்தி. 1961இல் அவர்கள் வழக்கில் வென்றும், நீக்கப்பட்டோர் என்னும் குறிப்பு மாநிலப் பதிவேட்டில் அழியாமலே கிடந்தது. 2018ஆம் ஆண்டில்தான் அலபாமா மாநிலத்துக் கல்வித்துறையின் தலைமை அதிகாரி, 1960இல் நடந்தது நீதியன்று என்று ஒப்புக்கொண்டு அக்குறிப்பை நீக்கினார். அதற்குள் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன.