தண்ணீர் கொண்டுபோகாத பெட்டகம்

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் வைபவங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிட்டால் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு தலையிடியும் கூடவே வந்துவிடும். என்ன அன்பளிப்புக் கொடுப்பது? எங்கள் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் மறுநாள் பொதிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சுவர்க்கடிகாரம் மட்டும் ஏழு. கண்ணாடிக் குவளைச் செட் ஒன்பது. ஏழு கடிகாரத்தையும் மாட்ட அந்தப் பிள்ளைக்கு வீட்டில் சுவர் காணாது. அடுத்தடுத்த கல்யாணங்களில் அவை வேறு தாளால் சுற்றப்பட்டு வேறு வீடுகளுக்குப் போயிருக்கும். கொடுத்தவர்களுக்கே திரும்பி வந்தாலும் ஆச்சரியமில்லை.

"மௌலவி, வழமையான சாமானாக இல்லாமல், நாலு காலத்துக்கு நிற்கிற மாதிரி என்ன கொடுக்கலாம்?" என்று சகோதரிகள் சிலர் என் மனைவி மூலமாகக் கேட்டிருந்தார்கள். நான் மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பிக்ஹும் ஸர்பும் கற்றுக்கொடுப்பவன், தளபாட வியாபாரியல்ல. ஆனால் எங்கள் வீட்டிலேயே இது பற்றி ஓர் அனுபவம் இருக்கிறது.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அப்போது எனக்கு ஆறு வயது. வாப்பாவின் தோளில் இருந்தபடி மேட்டு நிலத்துக்குப் போனதும், உம்மா திரும்பத் திரும்பக் கலிமா சொன்னதும் இன்றும் நினைவிருக்கிறது. தண்ணீர் வடிந்து வீட்டுக்கு வந்தபோது அங்கே வீடு என்று சொல்ல ஒன்றுமில்லை. புதிதாக வாங்கிய ஒட்டுப்பலகை அலுமாரி தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைப் போல் உப்பிக் கரைந்து கிடந்தது. வாப்பாவின் உம்மா வழி வந்த முதிரைப் பெட்டகத்தைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து, வயல் வரம்போரம் பாதி சேற்றில் புதைந்து கிடப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். நான்கு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். மூடியின் பிணைச்சல் ஒன்று பிய்ந்திருந்தது. மற்றப்படி ஒரு பலகை விலகவில்லை, ஒரு மூட்டு ஆடவில்லை.

சேற்றுக் கறை கழுவியும் போகாததால் வாப்பா அதற்குப் பச்சை எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார். அதன்பின் அது நெல் மூட்டைக்கு அடியிலும், பழைய துணிகளுக்கு மேலேயும், பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் மேடையாகவும் கிடந்தது.

2021இல் வாப்பா வபாத்தானார். அடுத்த வருடம் நாடே பொருளாதார நெருக்கடியில் தவித்த காலம். வரிசைகளில் நின்று நின்று சனங்கள் களைத்திருந்தார்கள். வீட்டில் விற்கக்கூடியது என்ன இருக்கிறது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பழைய சாமான் லொறிகளும் தெருத்தெருவாக வரத் தொடங்கின. "பழைய கட்டில், பழைய அலுமாரி, பித்தளைச் சாமான்" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு ஒருவர் ராத்தாவின் வீட்டு வாசலில் நிறுத்தினார். பெட்டகத்தைத் தட்டிப் பார்த்தார், அடியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். எட்டாயிரம் ரூபாவும் ஆறு பிளாஸ்டிக் கதிரையும் தருவதாகச் சொன்னார். ராத்தாவுக்கு அந்த நேரம் எட்டாயிரம் பெரிய காசு. என்றாலும் எனக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டார். பின்னால் உம்மாவின் குரல் கேட்டது: "மகன், தண்ணி கொண்டு போகாத சாமான இந்த லொறிக்காரன் கொண்டு போகப் போறான்."

நான் ராத்தாவிடம் சொன்னது உம்மாவின் மனவருத்தத்தைப் பற்றியல்ல. அந்தப் பெட்டகம் யாருடையது என்பதைப் பற்றித்தான். வாப்பா வபாத்தான கணத்திலிருந்து அது வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. எங்கள் வீட்டில் உம்மா, ஆண் மக்கள் இருவர், பெண் மக்கள் இருவர். உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதி எங்களுக்கு ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில். 48 பங்காக வைத்தால் உம்மாவுக்கு 6, நானாவுக்கும் எனக்கும் 14 வீதம், ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் 7 வீதம். "உடைஞ்ச பெட்டிக்கும் மீராஸ் கணக்கா தம்பி?" என்று ராத்தா கோபப்பட்டார். ஆம், உடைந்த பெட்டிக்கும்தான். நம்மவர்கள் காணியையும் வயலையும் பங்கு வைக்கிறார்கள். வீட்டுச் சாமான்களை, அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களுடையதாகவே எண்ணிவிடுகிறார்கள். கிழக்கிலங்கையில் வீடு பெண் பிள்ளைக்கே போய்ச் சேரும் வழக்கம் இருப்பதால் இந்த மறதி இன்னும் இலகுவாக வருகிறது. வாரிசுகளில் ஒரு யதீம் பிள்ளை இருந்தால் இது எவ்வளவு பாரதூரமான விஷயம் என்பதைச் சகோதரிகள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிவாசல் சாமான்களும் அப்படித்தான். புதிதாகக் கட்டும்போது பழைய மிம்பர், தொங்குவிளக்கு, கிதாபு அலுமாரி என்பவற்றை ஏதோ ஒரு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவை வக்பு. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டமும் இருக்கிறது. அப்படிப்பட்ட சாமானை யாராவது விலை பேசினால், அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடாமல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

இனி அந்த லொறிக்காரரின் பக்கம். கிராமத்திலிருந்து சரக்கோடு வருகிறவர்களை, அவர்கள் சந்தை விலையை அறிவதற்கு முன்பே வழியில் மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து ஏமாந்தது தெரிந்தால் வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவருக்குண்டு என்பதை மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் பாடமாகச் சொல்கிறேன். அந்தப் பாடத்தின் உதாரணம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு என் ராத்தாவின் வாசலுக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை. வாங்கும் இடத்தில் நாம் நின்றாலும் இதுவே நமக்கும் பொருந்தும். வறுமைப்பட்ட ஒரு மூத்தம்மா தன் வெற்றிலை வட்டாவைப் பழைய பித்தளை விலைக்குத் தருகிறார் என்றால், அதன் பெறுமதி தெரிந்த நாம் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

அந்தப் பெட்டகத்துக்கு அப்படி என்ன பெறுமதி? முதிரை நம் கிழக்கிலங்கைக் காடுகளில் வளரும் மரம். பொன்னிறம், வெளிச்சத்தில் பட்டுத்துணி போல் மின்னும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இங்கிலாந்துத் தச்சர்கள் இந்த மரத்தை விரும்பி வாங்கினார்கள். வெள்ளையர் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் கட்டிமுடித்த முதலாவது பாலம் முதிரை மரத்தாலானது. சுமார் 200 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டி நின்ற அது 1905 வரை தாக்குப்பிடித்தது. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990இல் நிறுத்தப்பட்டபின் பெரிய அகலப் பலகையாக முதிரை கிடைப்பது மிக அரிது. அதனால்தான் வியாபாரிகள் பழைய பெட்டகங்களைத் தேடி வருகிறார்கள்.

நம் வீட்டுச் சாமான்களின் பெயர்களையே பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். லாச்சி ஒல்லாந்தர் விட்டுப்போனது. பெட்டகம் மட்டும் நம்முடைய சொல். கதிரையும் அலுமாரியும் வருவதற்கு முன் நம் வீடுகளில் பாயும் பெட்டகமும் இருந்திருக்கின்றன.

நானாவும் தங்கச்சியும் சம்மதித்தார்கள். ராத்தாவின் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்த நேரம். எல்லோரும் தங்கள் பங்கை மனப்பூர்வமாக விட்டு, அந்தப் பிள்ளைக்கே பெட்டகத்தை அன்பளிப்பாக்குவதென்று முடிவாயிற்று. வற்புறுத்தி எடுத்த சம்மதம் சம்மதமல்ல என்பதால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டேன். தங்கச்சி மட்டும், "எனக்கு மூத்தம்மாட படிக்கத்தத் தாங்க" என்றாள். கொடுத்தோம்.

பிறகு ஓர் ஓடாவியாரிடம் கொண்டுபோனோம். வயதானவர், அவசரமில்லாதவர். பச்சைப் பெயின்ட்டை உலர்ந்தபடி சுரண்ட அவர் சம்மதிக்கவில்லை. பழைய பெயின்ட்டில் காரீயம் கலந்திருக்கும், தூசி நெஞ்சுக்குள் போகும், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து என்றார். மருந்து பூசி இளக்கி, மழுங்கிய தகட்டால் வழித்து, கடைசியில்தான் நனைத்த அரத்தாள். பழைய பெயின்ட் உரிந்துகொண்டிருக்கும் தொட்டில், குழந்தைக் கட்டில் என்பவற்றை அப்படியே பரிசாகக் கொடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

மெசின் போட்டுச் சீவவும் அவர் விடவில்லை. "சீவினாப் புதுசு மாதிரி வரும் ஹஸரத். புதுசு வேணுமெண்டா கடையில வாங்கலாமே?" கொம்பரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்ல மெல்லப் பூசினார். காய விட்டார், மறுபடி பூசினார். பதினைந்து நாள் எடுத்தது. கூலியும் சாமானும் சேர்த்து முப்பதாயிரம் அளவில் முடிந்தது. அந்தக் காசுக்குக் கடையில் ஒரு தூள்பலகை அலுமாரிகூட வராது.

பழைய சாமானை இனங்காண்பது எப்படி என்று அவரிடம் கேட்டுக்கொண்டதைச் சொல்கிறேன். முன்பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பின்பலகையையும் அடியையும் பாருங்கள். கைச்சீவுளி போட்ட பலகையைத் தடவினால் இலேசாக அலையடிக்கும். இயந்திரம் சீவியது கண்ணாடிபோல் இருக்கும். லாச்சியை முழுவதுமாக வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். விரல் கோத்ததுபோன்ற அந்தப் பொருத்தில் ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் கைவேலை. கதிரை தேய்ந்திருந்தால், கை வைக்கும் இடத்திலும் கால் தட்டும் சட்டத்திலும் தேய்ந்திருக்க வேண்டும். எங்கும் ஒரேயளவு தேய்ந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். உளுத்த துளைகளில் புதிதாக மா கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

காலிக் கோட்டைக்குள்ளும் அம்பலாங்கொடைப் பக்கமும் கொழும்பிலும் பழைய தளபாடக் கடைகள் உள்ளன. பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரை, ஆறு கால் வட்டக் கதிரை எல்லாம் அங்கே கிடைக்கும். அவற்றில் பல, பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை. அதில் குற்றமில்லை; புதிது என்று சொல்லி விற்றால். பழையது என்று சொல்லி விற்றால் அது மோசடி. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மார்க்கத்தில் உண்டு. ஆகவே மரத்தின் பெயரையும் 'பழையது' என்ற சொல்லையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். தொல்பொருளென்று கணிக்கப்படுபவற்றை, 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கட்டாரிலும் சவூதியிலும் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் தொல்பொருள் திணைக்களத்தில் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஒரு சகோதரி கேட்டார்: ஒல்லாந்தர் காலத்து மேசைகளின் கால், பறவையின் நகம் பந்தைப் பிடித்ததுபோல் இருக்கிறதே, வைக்கலாமா? தலையோடு கூடிய உருவம்தான் தடை. நகம் மட்டும் உயிராகாது. ஆனால் சிங்கத்தலையும் மனித முகமும் செதுக்கியவற்றைத் தவிர்ந்துகொள்ள வேண்டும். பித்தளையிலும் செம்பிலும் உண்ணப் பருகத் தடையில்லை. பொன், வெள்ளிப் பாத்திரங்களுக்கே தடை. பழைய செம்புப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுப்பதானால் உள்ளே வெள்ளீயம் பூசிக்கொள்ளுங்கள்.

எல்லோர் வீட்டிலும் பெட்டகம் இருக்காது. வெள்ளமும் யுத்தமும் இடம்பெயர்வும் கண்ட மாவட்டம் இது. ஒரு கரண்டிகூட மிஞ்சாத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் காலிக்குப் போக வேண்டியதில்லை. நம் பெண்கள் இழைக்கும் பன்பாய் இருக்கிறது. சாயமேற்றிய பன்னில் ஓரக்கட்டுப் போட்டு, ஒருவர் தொழும் அளவில் சொல்லி இழைப்பித்தால் அதைவிட நல்ல அன்பளிப்பு எது? தமிழ்நாட்டில் தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையில் நம் முஸ்லிம் சகோதரிகள் கோரையை மயிரிழையாகக் கிழித்துப் பாய் நெய்கிறார்கள். பட்டுச் சேலைபோல் மடிக்கலாம். மணமகன், மணமகள் பெயரையும் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். பெயர் நெய்த அன்பளிப்பை யாரும் தாளைச் சுற்றி அடுத்த வீட்டுக்குத் தள்ள முடியாது!

ஓடாவியாரிடம் ஒற்றைப் பலகையில் ஒரு ரைஹால் செய்விக்கலாம். ஒரே பலகையைப் பிளந்து, பிணைச்சலும் ஆணியும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று மடியும்படி அறுப்பது ஒரு வித்தை. அது தெரிந்த ஓடாவிகள் குறைந்து வருகிறார்கள். எங்கள் ஓடாவியாரின் மகன் அலுமினியக் கதவு வேலைக்குப் போகிறார்.

மருமகளின் நிக்காஹ் 2023இல் நடந்தது. வேலை முடியும் தறுவாயில், பெட்டகத்தின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கருமையாக ஓடும் சேற்றுக் கறையைக் காட்டி, "இதையும் ஒரு சீவு சீவி எடுத்திரட்டா?" என்று ஓடாவியார் கேட்டார். உம்மாவிடம் கோல் எடுத்தேன். "வேணாம், அது கிடக்கட்டும்" என்றார். இப்போது அதற்குள் மருமகளின் கல்யாணச் சேலையும், பிள்ளையின் முதல் உடுப்புகளும் கிடக்கின்றன. போன வாரம் பேசும்போது மூடி இறுகுகிறது என்றாள். மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் பொருமும், இழுத்துத் திறக்காதே, தேன்மெழுகு தடவு என்று சொல்லியிருக்கிறேன்.