சென்னையில் கரை ஒதுங்கிய ‘நீல டிராகன்’: அழகா இருக்கேன்னு கையில் எடுக்கலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்துபோன சில நாட்களில், சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் நீல நிறக் குட்டி உயிரினங்கள் கரை ஒதுங்கின. சுமார் 3 செ.மீ. நீளம்தான். இறக்கை விரித்த டிராகன் போன்ற தோற்றம். பார்த்ததும் கையில் எடுத்து போட்டோ பிடிக்கத் தோன்றும். ஆனால், தொடவே கூடாது.

இது என்ன உயிரினம்?

பெயர்தான் டிராகன்; உண்மையில் இது ஓடு இல்லாத ஒரு கடல் நத்தை. அறிவியல் பெயர் கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். கணவாய், சிப்பி போல இதுவும் மெல்லுடலி வகைதான். நம்மூரில் ‘கடல் அட்டை’ என்று சொல்வது வேறு. அது நட்சத்திர மீனுக்குச் சொந்தம்.

எங்கே வாழும்?

அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் மூன்றிலும் உண்டு. வயிற்றுக்குள் காற்றை விழுங்கி வைத்துக்கொண்டு, நீர்ப்பரப்பில் மல்லாந்து மிதக்கும். காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம் போகும். அதனால்தான் கடல் கொந்தளித்தால் கரைக்கு வந்துவிடுகிறது. மேலே தெரியும் வயிற்றுப் பக்கம் நீலம். பறவைகளுக்குக் கடல் நீர் போலத் தெரியும். கீழே இருக்கும் முதுகு வெள்ளி நிறம். அடியிலிருந்து பார்க்கும் மீன்களுக்கு வெளிச்சத்தோடு கலந்துவிடும்.

என்ன சாப்பிடும்?

இங்குதான் விஷயமே இருக்கிறது. ஜெல்லி மீன் போலவே இருக்கும் ‘போர்த்துகீசிய மேன் ஓ வார்’ என்ற விஷ உயிரினம்தான் இதன் முக்கிய உணவு. அதன் கொட்டும் செல்களையும் சேர்த்தே விழுங்கும். செரித்துவிடாமல், அவற்றைத் தன் உடலில் உள்ள விரல் போன்ற நீட்சிகளின் நுனியில் சேமித்து வைக்கும். எதிரி நெருங்கினால் அதுவே ஆயுதம். ஆக, இது கொட்டுவது கடன் வாங்கிய விஷம். ஒரே இடத்தில் குவிந்திருப்பதால், மேன் ஓ வார் கொட்டுவதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம்.

கொட்டிவிட்டால்?

கடும் வலி, சிவந்துபோதல், சிலருக்குக் குமட்டல், வாந்தி வரலாம். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல் கடல் நீரால் கழுவ வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தாலோ, வலி குறையாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

செத்துக் கிடக்கும் நீல டிராகனும் கொட்டும். அது ஒதுங்கிய இடத்தில் அதன் இரையான மேன் ஓ வாரும் கிடக்க வாய்ப்பு அதிகம். எனவே புயல், பலத்த காற்றுக்குப் பிறகு கடற்கரைக்குப் போனால் செருப்பைக் கழற்றாதீர்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.