மலை இறங்கும் ஜீப்பை நிறுத்துவது எது?

மலை ஏறுவதற்கு என்ஜின் வேண்டும். இறங்குவதற்கு பிரேக் வேண்டும். ஏறும்போது என்ஜின் மக்கர் செய்தால் வண்டி பாதி வழியில் நிற்கும். இறங்கும்போது பிரேக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான பாதையிலும் ஜீப்தான் துணை. இவற்றில் பல, நெடுங்காலம் உழைத்த வண்டிகள். வர்ணம் மங்கலாம், கூரைத் துணி கிழியலாம், பாதகமில்லை. ஆனால் முன் சக்கரங்களுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துகொண்டிருக்கும் பிரேக்கை மறந்துவிடக் கூடாது.

நாலு சக்கரத்துக்கு ஒரே எண்ணெய்

ஜீப் இரண்டாவது உலக யுத்தத்தில் பிறந்த வண்டி. அமெரிக்காவின் வில்லிஸ்-ஓவர்லாண்ட் கம்பெனி 1941-ல் ராணுவத்துக்காக அதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. பொதுமக்களுக்கான ஜீப் 1945-ல் வந்தது. இந்தியாவில் 1947 முதல் மகீந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்றார்கள்.

அந்தப் பரம்பரையைச் சேர்ந்த பழைய ஜீப்புகளில் நாலு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். டிரைவர் மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் குழாய்களின் வழியே நாலு சக்கரங்களுக்கும் பாய்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் சிறிய சிலிண்டர், பிறை வடிவான இரண்டு ஷூக்களை அகலத் தள்ளுகிறது. ஷூவின் மேல் பதித்த லைனிங், சுழலும் டிரம்மின் உட்புறத்தில் உராய்ந்து வண்டியை நிறுத்துகிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எண்ணெய் ஓடும் பாதை ஒன்றே ஒன்று. ஒரு சக்கரத்தின் சிலிண்டரிலுள்ள ரப்பர் கப் கிழிந்து எண்ணெய் வெளியேறினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இதை உத்தேசித்தே அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் கட்டாயமாக்கப்பட்டன. பழைய ஜீப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கை பிரேக் தனியாக இயங்குவது உண்மைதான்; ஆனால் அது நின்ற வண்டியை நகராமல் பிடிப்பதற்கு. செங்குத்தான இறக்கத்தில் ஓடும் வண்டியை நிறுத்த அதை நம்ப முடியாது.

முன் சக்கரத்தின் பாரம்

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர், பிரேக் போட்டதும் முன்னால் சாய்கிறார் அல்லவா? வண்டியின் பாரமும் அப்படியே முன் சக்கரங்களின் மேல் சாய்கிறது. இறக்கத்தில் இது இன்னும் அதிகம். யுத்த காலத்து வில்லிஸ் ஜீப்பில் முன் சக்கர சிலிண்டர் 1 அங்குலம், பின் சக்கர சிலிண்டர் முக்கால் அங்குலம் என்று அமைத்ததன் காரணம் இதுவே. அதிகமாக வேலை செய்வது முன் பிரேக். அதனால் முதலில் தேய்வதும் பெரும்பாலும் அதுதான். சேற்றிலும் ஓடையிலும் இறங்கும் வண்டியில் மண் உள்ளே புகுந்து தேய்மானத்தை மேலும் துரிதப்படுத்தும்.

பிரேக் முன்னறிவிப்பில்லாமல் கெடுவது அபூர்வம். மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரும்பு உரசும் சத்தம் கேட்கும். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பட்டறையில் செய்ய வேண்டியது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே நுழைவது உயிருக்கு ஆபத்து. பழைய வில்லிஸ் ஜீப்பில் இடதுபக்கச் சக்கர நட்டுகள் எதிர்ப்புறமாகத் திருகப்பட்டவை. இது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் திருகி போல்ட்டை ஒடித்துவிடக் கூடாது.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் பல பட்டறைகளில் வழக்கம். இது கூடவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் புகுந்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாகத் தலைகாட்டலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பத்திரமாகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

லைனிங் தேய்ந்து ரிவெட் தலையை நெருங்கியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ரிவெட் டிரம்மில் பட்டால் கோடு கோடாகக் கீறிவிடும். கீறிய டிரம்மைக் கடைசலில் கொடுத்துச் சீர்செய்யலாம். ஆனால் அனுமதித்த அளவுக்கு மேல் கடைந்தால் டிரம் மெலிந்து, சூட்டில் விரிந்து, பிடிப்பை இழக்கும். அப்படிப்பட்டதைத் தூக்கி எறிவதே லாபம்.

சக்கர சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சற்று விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் கப் கசிகிறது என்று அர்த்தம். புது ஷூ போட்டுவிட்டு சில ரூபாய் பெறுமான கப்பைப் பழையதாகவே விட்டுவைப்பது வீண் சிக்கனம். கிரீஸ் சீல் கசிந்து லைனிங்கில் பசை ஏறியிருந்தால், சீலை மாற்றி லைனிங்கையும் மாற்ற வேண்டும். பசை ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது பயன் தராது.

முக்கியமான விதி: வலதுபக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் போட்டதும் வண்டி பக்கவாட்டில் திரும்பும். மலைப் பாதையில் அந்தப் பக்கம் பள்ளமாகவும் இருக்கலாம்.

எண்ணெயும் காற்றும்

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 3 ரகத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி சென்டிகிரேட். ஈரம் ஏறியபின் 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் மிதி பஞ்சு போல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆகவே பழைய எண்ணெயை வெளியேற்றிப் புதிது ஊற்றுவது நல்லது. என்ஜின் ஆயிலை அவசரத்துக்குக்கூட ஊற்றக் கூடாது. ரப்பர் கப்புகள் உப்பிக் கெட்டுவிடும்.

பிறகு ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் நிப்பிளைத் தளர்த்திக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். குமிழி வருவது நின்று, மிதி கல்லைப் போல் கெட்டியானால் காற்று போய்விட்டது என்று கொள்ளலாம். கடைசியாக ஷூவை டிரம்மில் உரசும்வரை நெருக்கி, சக்கரம் தாராளமாகச் சுற்றும்வரை சற்றே தளர்த்த வேண்டும்.

வேலை முடிந்ததும் மலைக்கு விரைய வேண்டாம். சமதரையில் மெதுவாக ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்த்து, லைனிங் டிரம்மோடு பொருந்த அவகாசம் தர வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய விதி. பிரேக் புதிதாக இருந்தாலும் அந்த விதி மாறாது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரின் வீடுகளில் பத்து அடுப்புகள் அவர்கள் திரும்பி வருவதை நம்பித்தான் எரிகின்றன.