மனிலா வாத்திய கோஷ்டி

1904-ம் வருஷம் அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியைப் பற்றிப் பேசுவோர், அங்கே 47 ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிலிப்பைன் ஜனங்களைக் கொண்டுபோய் வைத்து வேடிக்கை காட்டியதையே சொல்லுவார்கள். அந்தத் தேசத்தின் சுதந்திர யுத்தத்தை அமெரிக்கா அடக்கி இரண்டே வருஷமாகியிருந்தது. 'இவர்களுக்குத் தம்மைத் தாமே ஆளத் தெரியாது' என்று உலகத்துக்குக் காட்ட, இகோரோட் மலைவாசிகளின் நடனம் நல்ல சாக்காயிற்று.

அதே பொருட்காட்சியில் பிலிப்பைன் கான்ஸ்டாபுலரி வாத்திய கோஷ்டியும் வாசித்தது. சரித்திரக்காரர்கள் இதை ஏனோ விரைவில் மறந்துவிட்டார்கள். சுமார் 80 பேர் கொண்ட அக்கோஷ்டியை நடத்திய வால்டர் லவிங் ஒரு கறுப்பு அமெரிக்கர்; சொந்த நாட்டில் சம அந்தஸ்து கிடைக்காதவர். கச்சேரி நடுவே ஒரு நாள் விளக்குகள் அணைந்தனவாம். காகிதத்தைப் பாராமலே, இருளில் ஒரு ஸ்வரமும் பிசகாமல் வாசித்து முடித்தார்கள் என்பர். இதைப் படிக்கையில் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது.

1909-ல் டாப்ட் ஜனாதிபதியாகப் பதவியேற்ற ஊர்வலத்திலும் இவர்களே வாசித்தார்கள். டாப்ட் யார்? முன்பு மனிலாவில் கவர்னராயிருந்தவர்! ஆளத் தெரியாதவர்களின் வாத்தியம் ஆளுவோரின் வைபவத்துக்கு மட்டும் உகந்தது போலும்.

பின்னர் ஷாங்காய் நடனசாலைகளிலும் ஜப்பானிலும் ஜாஸ் வாசித்த பிலிப்பைனர் அநேகர். அவர்களில் பெயர் தெரிந்தவர் சிலரே. லவிங் 1945-ல் மனிலாவில், ஜப்பானியர் கையில் மாண்டார். அடுத்த வருஷம் அத்தேசம் சுதந்திரமடைந்தது.